ஏலத்துக்குப் போன என் முதல் நாவல்

என் முதல் நாவல் ஏலத்துக்குப் போனது. பட்டணத்துப் புத்தகக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டன என்று யாராவது நினைத்தால் அந்த நல்ல நினைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் கூட நின்று பார்த்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் வாயை மூட முடியாது. முதலில் ஒரு சேனைக்கிழங்கு, அடுத்தது என் நாவல், அதற்கடுத்தது ஒரு பெட்டைக்கோழி. இந்த வரிசையில்தான் அது போனது.

குலசேகரத்துக்குப் போகும் சாலையோரம் எங்கள் ஊர். பாதிப் பேர் மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை சபைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். பலாவில் முதலில் காய்த்த சக்கை, முதலில் வெட்டிய வாழைக்குலை, கோழி இட்ட முதல் முட்டை, வேலை கிடைத்தவனின் முதல் சம்பளம் என்று எதுவானாலும் முதல் பலன் கோயிலுக்கு. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பக்தி கூடுதலாக இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திரும்பச் சபைக்கே கொடுத்து, இன்னொரு தடவை ஏலம் விடச் சொல்லலாம். ஒரே கோழி இப்படிப் பல கைகள் மாறி, பொழுது சாயும்போது யாருக்கோ குழம்பாகும்.

நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வாத்தியார். பகலில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு, மற்ற நேரமெல்லாம் நாவல். அந்த வருஷத்து மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதி முடித்திருந்தேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போதும் கூசுகிறது. அதில் ஒரு பிரபு உண்டு, அவனுக்குப் பளிங்கு மாளிகை உண்டு, மாளிகையைச் சுற்றி உறைபனி உண்டு. உறைபனியை நான் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் கறுப்பு மையில் அச்சடித்த படமாகப் பார்த்திருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். கதாநாயகி வந்தாள், காதலித்தாள், பெருமூச்சு விட்டாள், மயங்கி விழுந்தாள். எழுந்ததும் மறுபடி காதலித்தாள்.

எழுதி முடித்த கையோடு அம்மாவிடம் காட்டியதுதான் தப்பு. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிக்கவில்லை. காகிதக் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எலே மக்கா, இது நீ எழுதின மொத புத்தகந்தானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப இது கர்த்தருக்குள்ளதாக்கும்."

"அம்மா, இது சக்கை இல்ல."

"சக்கையோ புத்தகமோ, மொத பலன் மொத பலன்தான். குடுக்கல்லண்ணா பொறவு நீ எழுதப்போறது ஒண்ணும் வெளங்காது."

பிரதி ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று எழுதி வைத்துக்கொண்டு கொடுக்கலாம் என்றால் பண்டிகைக்கு நாள் நெருங்கிவிட்டது. எவ்வளவோ வாதாடினேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்குள்ளேயே ஒரு சபலம் இருந்தது. ரப்பர் வியாபாரம் செய்து பணக்காரரான ஒருவரும் மருந்துக்கடைக்காரரும் என் நாவலுக்காக முற்றத்தில் மல்லுக்கட்டுவதை மனக்கண்ணில் பார்த்தேன். கொடுத்துவிட்டேன்.

ஏலம் விடுவது சபைப் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார். பேச்சில் கெட்டிக்காரர், அழுகல் தேங்காயைக்கூடப் பாட்டுப் பாடி விற்றுவிடுவார். சேனைக்கிழங்கை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு என் காகிதக் கட்டைக் கையில் எடுத்தார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார்.

"அடுத்தது நம்ம சின்ன வாத்தியார் எழுதின கதை. நல்ல கனம் உண்டு, கேட்டியளா."

"உள்ள என்ன உண்டு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எழுத்துதான்" என்றார் உபதேசியார். முற்றம் சிரித்தது.

ரப்பர் வியாபாரி இரக்கப்பட்டோ என்னவோ ஒரு விலை சொன்னார். பணத்தைக் கட்டினார். உபதேசியார் காகிதக் கட்டை அவரிடம் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "திரும்ப விடும்" என்றார். மருந்துக்கடைக்காரர் எடுத்தார், அவரும் திரும்ப விட்டார். இன்னும் இரண்டொருவர் எடுத்தார்கள், விட்டார்கள். கோழியைத் திரும்ப விடுகிறவர்களுக்குப் பக்தி. என் நாவலைத் திரும்ப விட்டவர்களுக்குப் பயம். வீட்டுக்குக் கொண்டுபோனால் வாசிக்கவேண்டி வந்துவிடுமே என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. விலை இறங்கிக்கொண்டே வந்து ஒரே ஒரு சக்கரக் காசில் நின்றது. கடைசியில் உபதேசியார், "இதோட அந்தக் கோழியையும் சேத்து விட்டா ஆருக்கும் மனத்தாங்கல் இருக்காது" என்று ஒரு யோசனையை வைத்தார். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மரம் இன்னும் கொஞ்சம் பருமனாக இருந்திருக்கலாம்.

அப்போதுதான் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கோழி ஒண்ணும் வேண்டாம். அத இஞ்ச தாரும்."

பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. ஊருக்கெல்லாம் டீச்சரம்மா. நாற்பது வயதிருக்கும், கணவர் இறந்து வெகுகாலம். எப்போதும் கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. பிரசங்கம் நீண்டுபோனால் அந்தக் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார், பாதிரி ஐயர் சட்டென்று ஜெபத்துக்குப் போய்விடுவார். சபையில் அந்த நாக்குக்குப் பயப்படாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்.

"திரும்ப விடணுமா டீச்சரம்மா?"

"வேண்டாம். வாசிக்கியதுக்கு எடுத்தது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முற்றம் முழுக்க மூடர்கள், ஒரே ஒரு ரசிகை. அந்த வாரம் முழுவதும் பாராட்டை எப்படி அடக்கத்தோடு வாங்கிக்கொள்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு.

அடுத்த ஞாயிறு கோயில் விட்டதும் டீச்சரம்மா முற்றத்தில் என்னைப் பிடித்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "வாத்தியாரே, வாசிச்சேன்" என்றார். நான் தலையைச் சாய்த்துக் கண்ணைத் தாழ்த்தினேன்.

"ஒரு சம்சயம் உண்டு. உம்ம கதையில உள்ளவிய ஆரும் சோறு உண்ண மாட்டாவளா?"

எனக்குப் புரியவில்லை.

"ஆதி தொட்டு அந்தம் வரைக்கும் பாத்தேன். ஒரு வாய் கஞ்சி இல்ல, ஒரு துண்டு மரச்சீனிக் கெழங்கு இல்ல. அந்தக் குட்டி பக்கத்துக்குப் பக்கம் மயங்கி விழுதா. பின்ன விழாம என்ன செய்வா? பட்டினியாக்கும்."

உதட்டோரச் சிரிப்பை எடுத்துவிட எனக்கு மறந்துபோயிற்று. அதோடேயே நின்றிருக்கிறேன். உபதேசியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாவலைத் தொடக்கூட மறுத்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு அதைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள்.

கடுமையான விமரிசனத்தை இளம் எழுத்தாளன் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று இந்தக் காலத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நான் எதிர்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். முதலில், அந்த அம்மாவுக்கு இலக்கியம் தெரியாது என்று முடிவு கட்டினேன். அடுத்து, ஊருக்கே தெரியாது என்று தீர்மானித்தேன். பிறகு திருவிதாங்கூர் ராஜ்யம் முழுவதையும் சேர்த்துக்கொண்டேன். மேதைகளை அவர்கள் காலத்தில் யாரும் மதிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு மேதையைப் போல நடந்தேன், அதாவது தலை வாராமல் நடந்தேன். துக்கத்தில் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். சாயங்காலம் எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, கதவைப் பிடிக்கவேண்டியதாயிற்று. டீச்சரம்மா சொன்னது சரியாகிப் போனதில் இன்னும் ஆத்திரம் வந்தது. அம்மா மரச்சீனியும் மீன்கறியும் வைத்தாள், ஆத்திரத்தோடு இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

ஆனால் ஊர் விடவில்லை. சாலையில் போனால், "வாத்தியாரே, அந்தக் குட்டி சோறு உண்டாளா?" என்று கேட்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகளே கேட்டார்கள். பிரம்பால் எத்தனை பேரை அடிக்க முடியும்?

அந்தச் சமயத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்று தொடர்கதை வேண்டுமென்று விளம்பரம் போட்டிருந்தது. என்னைக் காப்பாற்ற அதுதான் வழி என்று பட்டது. சென்னை ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த ஊர் வாயை மூடித்தானே ஆகவேண்டும். ஆனால் நாவல் டீச்சரம்மா வீட்டில் இருந்தது. மானத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"ஏலத்தில எடுத்ததாக்கும். இப்பம் அது எனக்க பொருளு" என்றார். "வேணும்ணா இஞ்ச இருந்து பாத்து எழுதிக்கிடும்."

இப்படித்தான் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். முன்னறையில் ஒரு மேசை. ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவை விரியத் திறந்து வைத்திருப்பார். நான் ஒரு பக்கம் என் நாவலை நானே நகலெடுப்பேன். மறுபக்கம் அவர் பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்துவார். வேலைக்காரி கருப்பட்டிக் காப்பி கொண்டு வைப்பாள். நடுநடுவே டீச்சரம்மா எட்டிப் பார்ப்பார்.

"பத்மநாபபுரத்தில மகாராசா கொட்டாரம் கண்டிருக்கீரா?"

"கண்டிருக்கேன்."

"அது மரமா, பளிங்கா?"

"மரம்."

"பின்ன இந்தப் பளிங்கு எங்க உள்ளது?"

"கற்பனை."

"செரி. வழுக்கி விழாம எழுதும்."

அவருடைய ரசனை ஏதோ உயர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கொலையும் துப்பறிதலும் உள்ள மலிவுப் புத்தகங்களை ஆராதனைப் புத்தகத்துக்குள் வைத்து வாசிப்பார். என் கதாநாயகியைக் காலராவில் கொன்றுவிட்டால் கதை சூடு பிடிக்கும் என்று ஒரு மாதம் வற்புறுத்தினார். பாதி நேரம் அவர் சொன்னது தப்பு. எனக்கு எரிச்சலாக இருந்தது மற்றப் பாதிதான்.

நகலெடுப்பது எப்போதோ நின்றுவிட்டது. சென்னையும் மறந்துபோயிற்று. புதிதாகச் சின்னச் சின்னக் கதைகள் எழுதி அவரிடம் நீட்டத் தொடங்கியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். எங்கள் பக்கத்தில் ஒன்று நன்றாக இருந்தால் 'கொள்ளாம்' என்போம். டீச்சரம்மா அந்தச் சொல்லை வாரி இறைப்பார். மீன் கொள்ளாம், புதுப் பாட்டு கொள்ளாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை தைத்த கைக்குட்டை கொள்ளாம். என் கதையை வாசித்துவிட்டு மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டுவிட்டால் நான் எழுத்தாளன், கேட்காவிட்டால் வெறும் வாய்ப்பாட்டு வாத்தியார் என்று எனக்குள் எப்படியோ விதியாகிப் போயிருந்தது. ஊரில் வேறு யார் சொன்னாலும் அது கணக்கில் வராது.

தலைகீழாக நின்று ஒரு கதை எழுதினேன். பனையிலிருந்து விழுந்து செத்தவனைப் பற்றியது. எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. டீச்சரம்மா அதை வாசித்து, மடித்து, மேசைமேல் வைத்தார்.

"இத எழுதின நேரத்துக்கு நாலு மூடு மரச்சீனி நட்டிருந்தா ஊருக்குப் பிரயோஜனமா இருந்திருக்கும்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன். கற்பனை, அழகு, ரசம் ஒன்றும் மனதில் இல்லை, பழி வாங்கவேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. டீச்சரம்மாவை வைத்தே கதை எழுதினேன். இத்தனை மாதம் எதிரில் உட்கார்ந்திருந்து கண்ணில் பட்டதையெல்லாம் போட்டேன். பெயர் வைக்கவில்லை, குடையை மட்டும் வைத்தேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே மீன்காரிக்கு வேதவசனம் சொல்வது, ஐயரின் பிரசங்கத்தில் உள்ள பிழைகளை அடுத்த பெஞ்சுக்குக் கேட்கும்படி திருத்துவது எல்லாம் வந்தன. அடித்துத் திருத்த இடமே இல்லாமல் எழுத்து ஓடியது.

கடைசியில் பஸ்ஸையும் போட்டேன். அவருடைய ஒரே மகன் கொழும்புக்குப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. போனவன் போனவன்தான், ஒரு வரி இல்லை. டீச்சரம்மா அவனைப் பற்றிப் பேசமாட்டார், ஊரும் பேசாது. ஆனால் தினமும் சாயங்காலம் தக்கலையிலிருந்து வரும் மோட்டார் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும், பாதிக் காப்பியை வைத்துவிட்டுக் குடையோடு சாலைக்குப் போய்விடுவார். பஸ் நின்றதும் டிரைவரோடு சண்டை பிடிப்பார். ஒருநாள் புழுதியைக் கிளப்பியதற்கு, ஒருநாள் பிந்தி வந்ததற்கு, ஒருநாள் முந்தி வந்ததற்கு. சண்டை பிடித்துக்கொண்டே இறங்குகிற முகங்களைப் பார்ப்பார். பஸ் போன பிறகு, வெயில் எப்போதோ போய்விட்டிருந்தாலும், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். ஜன்னல் வழியாக நான் தினமும் பார்த்த காட்சி. கதையிலேயே பெரிய சிரிப்பு இதற்குத்தான் கிடைக்கும் என்று நினைத்துக் கடைசியில் வைத்தேன்.

வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பாட்டு, ஜெபம், அறிக்கை எல்லாம் முடிந்து என் முறை வந்தது. டீச்சரம்மா பெண்கள் பக்கத்தில் முன்பெஞ்சில் இருந்தார். அவர் வந்தது எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம்.

குடை வந்ததுமே கூட்டத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முதலில் டீச்சரம்மாவைத் திரும்பிப் பார்த்துப் பயந்து சிரித்தார்கள். அவரும் சிரிப்பதைப் பார்த்ததும் பயம் விட்டுச் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார். மீன் செவுளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்து, முந்தானையால் துடைத்தார். நான் அவர் குரலிலேயே வாசித்தேன். உபதேசியார் பெஞ்சைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதையில் பஸ் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சத்தம் எட்டவில்லையோ என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். டிரைவரோடு போட்ட சண்டையை நடித்தே காட்டினேன். உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகங்களைத் தேடுகிற வரியில் நடிப்பை விட்டுவிட்டு வெறுமனே வாசித்தேன். குடையை விரிக்கிற இடத்துக்கு வந்தபோதுதான், நான் எழுதியது என்ன என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நிறுத்த மனமும் வரவில்லை. அது நன்றாக இருந்தது.

வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. தலைவர் எழுந்து மழையைப் பற்றி ஏதோ சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார். டீச்சரம்மா நேராக என்னிடம் வந்தார். முகத்தில் கோபமா வேறென்னவா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"கொள்ளாம்" என்றார். "நல்லா எழுதியிருக்கீரு. வெயில் போனபொறவு குடைய விரிச்சது எனக்குத் தெரியாது. செய்திருப்பேனாயிருக்கும்."

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இனி எனக்க வீட்டுப் படி ஏறாண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவசரமில்லாமல் வெளியே போனார்.

மன்னிப்புக் கேட்கவில்லையா என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எதற்கு மன்னிப்பு? நன்றாக எழுதியதற்கா? அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. அவர் சொன்னதில் முன்பாதி மட்டும்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் எழுத்தாளன் என்று வழியில் கண்ட பூவரச மரங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். அதன்பிறகு அச்சில் வந்தேன், மாலை போட்டார்கள், நான் எழுதியதையெல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லும் நல்லவர்கள் நிறையக் கிடைத்தார்கள். அவர்களில் வாசித்துவிட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நான் விசாரிப்பதில்லை.

பின்பாதி காதில் விழ ஒரு வாரம் ஆயிற்று. புதிதாக ஒரு கதை எழுதியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இதற்கு என்ன குறை சொல்லப்போகிறாரோ என்று பதில்களைத் தயார் செய்துகொண்டே அந்த வாசல்வரைக்கும் போய்விட்டேன். கதவு வழக்கம்போல விரியத் திறந்திருந்தது. உள்ளே அவர் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளையும் பார்த்தார், குனிந்து அடுத்த சிலேட்டை எடுத்தார். காலைப் படியில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் சாலையிலேயே நின்றேன். அந்தக் கதை நன்றாக இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.